பக்கத்தில் பேட்டரி உடைக்கிறார்களா? இதைப் படித்துவிடுங்கள்

என் மகனுக்கு நாலு வயது. போன வருடத்தில் பாதிக்கு மேல் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். கடைசியில்தான் அவன் ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது என்று தெரிந்தது. ஈயம் என்றால் இன்வெர்ட்டர் பேட்டரிக்குள்ளே தகடு தகடாக இருக்குமே, அந்தக் காரீயம். வீட்டுக்காரர் சார்ஜாவில் வேலை பார்க்கிறார். மதுரைக்கு வெளியே, மாமனார் கட்டிய வீட்டில் நானும் அத்தையும் பையனும்தான். விசாரிக்க ஆளில்லை, கூட வர ஆளில்லை. ‘இந்த ஒரு டெஸ்ட்டை எடுத்துப் பார்’ என்று முதல் மாதமே யாராவது சொல்லியிருந்தால் பணம் மிச்சமாகியிருக்கும் என்பதைவிட, அத்தனை மாதமும் அவன் உடம்பில் மேலும் மேலும் ஈயம் சேராமல் இருந்திருக்கும். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் அடங்கவில்லை. உங்கள் தெருவிலும் இது நடந்துகொண்டிருக்கலாம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தான். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுப்பான், கொஞ்ச நேரத்தில் எழுந்து விளையாடப் போவான். மலம் கழிக்க ரொம்பச் சிரமப்பட்டான். தொட்டதற்கெல்லாம் அழுகை. ராத்திரி தூக்கத்தில் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்துகொள்வான். முற்றத்து மண்ணை எடுத்து வாயில் போடுவதையும் அத்தை பார்த்துவிட்டுச் சொன்னார். முதலில் பார்த்த டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 தான் இருக்கிறது என்று இரும்புச்சத்து டானிக் எழுதினார். முருங்கைக்கீரை, பேரீச்சை, ஈரல் என்று எல்லாம் கொடுத்தோம். அளவு ஏறவே இல்லை. இன்னொருவர் ஸ்கேன் எடுத்துவிட்டு, “குடல்ல நெறி கட்டியிருக்கு, சரியாப் போயிடும்” என்றார். அக்கம்பக்கத்தில் கண்ணேறு என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்றார்கள். அந்த இரண்டாவது பேச்சுதான் என்னை ரொம்பவும் அறுத்தது. பிள்ளை நிஜமாகவே வலியில் இருந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பூச்சி, இரும்புச்சத்துக் குறைவு, மலச்சிக்கல் எல்லாமே நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருகிறவை. ஈயம் உடம்பில் ஏறினாலும் இதே அறிகுறிகள்தான் வரும், அதற்கென்று தனி அடையாளம் கிடையாது. அதனால் ‘டானிக் கொடுத்து இரண்டு மூன்று மாதமாகியும் ரத்தம் ஏறவில்லை, வயிற்று வலியும் போகவில்லை’ என்றால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: “ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கலாமா?” வீட்டுப் பக்கத்தில் பேட்டரி, பழைய இரும்பு, பெயின்ட், வெல்டிங், நகைப் பட்டறை என்று எது இருந்தாலும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டருக்கு நம் தெரு தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

எங்களுக்கு வழி காட்டியவர் ஒரு லேப் டாக்டர். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டை வாங்கப் போன என்னை உள்ளே கூப்பிட்டார். “சிவப்பணுக்களுக்குள்ள நீலநீலமாப் புள்ளி தெரியுதும்மா. தலசீமியாங்கிற பரம்பரை ரத்தக் கோளாறுலயும் இப்படி வரும், ஈயத்துலயும் வரும். உங்க வீட்டுப் பக்கம் பேட்டரி வேலை எதுவும் நடக்குதா?” என்று கேட்டார். எனக்கு உடனே பழைய பேட்டரி உடைக்கும் பின் தெருக் கொட்டகை ஞாபகம் வந்தது. கை சில்லிட்டுப்போனது.

அந்த டெஸ்ட்டைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்குத்தான் நான் நிறைய அலைந்தேன். ‘பிளட் லெட் லெவல்’ என்று கேட்க வேண்டும். சின்ன லேப்களில் செய்ய மாட்டார்கள். பெரிய லேப்களின் கிளையில் ரத்தம் எடுத்து வெளியூரில் இருக்கும் தலைமை லேபுக்கு அனுப்புவார்கள், முடிவு வர நாளாகும். எனக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் ஆனது. விரல் நுனியில் குத்தி எடுப்பதை விட நரம்பில் எடுப்பதுதான் நம்பகமானது. விரலில் ஒட்டியிருக்கும் தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். போகும் முன் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, துவைத்த சட்டை போட்டுக் கூட்டிப் போங்கள். உலோகம் பார்ப்பதற்கென்று தனிக் குழாய் உண்டு, அதில்தான் எடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் முதலில் போன இடத்தில் அது கையிருப்பில் இல்லை என்று மறுநாள் வரச் சொன்னார்கள். பிள்ளையை இரண்டு முறை குத்த விடாமல் முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது.

முடிவு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, 31 மைக்ரோகிராம் என்று வந்தது. 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 3.5 என்பதையே எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறார்கள். இந்த அளவு வரை ஒன்றும் செய்யாது என்று சொல்லக்கூடிய ஓர் அளவே ஈயத்துக்குக் கிடையாது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளரும் வயதில் ஏறினால் படிப்பு, கவனம், பேச்சு எல்லாவற்றையும் பாதிக்கும். அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்காது. இதையெல்லாம் ராத்திரி போனில் ஒவ்வொன்றாகப் படித்தேன். செனகல் நாட்டில் டக்கார் நகரத்துக்குப் பக்கத்தில் பழைய பேட்டரி உடைத்த ஒரு பகுதியில் 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனதைப் படித்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையின் மூச்சை விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். சார்ஜாவுக்குப் போன் போட்டு என்ன சொல்வது? மறுநாள்தான் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் பார்த்த டாக்டர் அம்மா நிதானமாகப் பேசினார். 45-க்கு மேல் போனால்தான் உடம்பிலிருந்து ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்து கொடுப்பது வழக்கம். 31-க்கு முதல் மருந்தே அது வரும் வழியை அடைப்பதுதான். வழி திறந்தே இருந்தால் எந்த மருந்து கொடுத்தும் பயனில்லை என்றார். மண் தின்ற பிள்ளை என்பதால் வயிற்றுக்குள் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் உடம்பு ஈயத்தை இன்னும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். வெறும் வயிற்றிலும் அப்படித்தான். அதனால் காலையில் வெளியே விளையாட விடும் முன் ஏதாவது சாப்பிட வைக்கச் சொன்னார். கேழ்வரகுக் கஞ்சி, பால், முட்டை, கீரை, கூடவே நெல்லிக்காய் அல்லது கொய்யா. இரும்புச்சத்து டானிக்கையும் தொடரச் சொன்னார். ‘உடம்பிலிருக்கும் நஞ்செல்லாம் இறங்கிவிடும்’ என்று ஒரு சொந்தக்காரர் 3,500 ரூபாய்க்கு ஏதோ ஒரு பொடி டப்பாவைத் தலையில் கட்டப் பார்த்தார். டாக்டர் அம்மா அதைக் கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார். அந்த மாதிரிப் பொடிகளிலேயே ஈயம் இருந்த கதையெல்லாம் உண்டாம்.

வழியை அடைப்பது என்றால் முதலில் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார்கள். அந்தத் தாள் உங்களுக்கும் உதவும். கடையில் சில்லறையாக வாங்கும் மஞ்சள் தூள்: நிறம் எடுப்பாகத் தெரிய லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைக் கலக்கும் வழக்கம் இருக்கிறது. நாங்கள் விரலி மஞ்சள் வாங்கி அரைக்க ஆரம்பித்தோம். கண்ணுக்குப் போடும் சுருமா: அதில் பெரும்பாலும் ஈயத் தாதுதான். வீட்டில் கரிசலாங்கண்ணியும் விளக்கெண்ணெயும் வைத்து எடுக்கும் மையில் அது வராது. பழைய வீடாக இருந்தால் கதவு, ஜன்னல் கம்பியில் அடித்த எனாமல் பெயின்ட்: இந்தியாவில் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்தது உரிந்து விழுந்தால் பிள்ளை கையில் அகப்படும். அதை உப்புத்தாள் வைத்துக் காய்ந்தபடியே தேய்க்கச் சொல்லாதீர்கள், நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். அப்புறம் அத்தையின் ரசச் சொம்பு. ஈயச் சொம்பு என்பது உண்மையில் வெள்ளீயத்தில் செய்வது, அதில் பயமில்லை. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியதில் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து ரசத்தோடு சேர்த்துவிடும். அத்தைக்கு அது அவருடைய மாமியார் கொடுத்த சொம்பு. எடுத்துப் பரணில் வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் சந்தேகத்தோடு அதில் ரசம் வைக்கவும் முடியாது.

தண்ணீரில்தான் என் பணம் அதிகம் போனது. எங்கள் வீட்டில் போர்த் தண்ணீர். கொட்டகையிலிருந்து ஆசிட் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவார்கள் என்பதால் நிலத்தடி நீரில் கலந்திருக்குமோ என்று பயம். வீட்டுக்கு வந்த ஆர்.ஓ. விற்பனையாளர் ஒரு பேனா போன்ற மீட்டரைத் தண்ணீரில் விட்டு, “ஆயிரத்து நூறு காட்டுது பாருங்க மேடம், இதுதான் புள்ளைக்கு ஆகல” என்றார். பிள்ளைக்கு எது எது ஆகாதோ எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்ற தவிப்பில் 14,500 ரூபாய் கொடுத்து மாட்டினோம். அந்த மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைப் போல் பத்து மடங்கு இருந்தாலும் அந்தப் பேனா மீட்டரில் எண் அசையாது. ஆர்.ஓ. ஈயத்தைப் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்பதை லேபில்தான் பார்க்க முடியும். தண்ணீர் டெஸ்ட் என்று பொதுவாகக் கொடுத்தால் உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட் என்று பார்த்துத் தருவார்கள். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைத் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்ட வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட லேபில் விசாரியுங்கள், அங்கே உலோகம் பார்க்கவில்லை என்றால் அங்கீகாரம் பெற்ற தனியார் லேப் எது என்று கேட்டு அங்கே கொடுங்கள். காலையில் மோட்டார் போடும் முன் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் ஒரு பாட்டில், நன்றாக ஓடவிட்ட பிறகு ஒரு பாட்டில் என்று இரண்டாகக் கொடுத்தால் குழாயிலிருந்து வருகிறதா, நிலத்திலிருந்து வருகிறதா என்று தெரிந்துவிடும். கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். எங்கள் தண்ணீரில் ஈயம் அளவுக்குள்ளேதான் இருந்தது. அப்படியானால் எங்கிருந்து?

தூசி. அதைக் கண்டுபிடித்தது அத்தை. மொட்டை மாடியில் கூழ் வத்தல் காயப் போட்டிருந்தார். எடுக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளை வேட்டியில் பிழிந்த வத்தலின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி. விரலால் தேய்த்தால் பென்சில் கரி போல வழுவழுவென்று ஒட்டுகிறது. கொட்டகை எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால். பகலில் கோடாலியால் பேட்டரியின் தலையை வெட்டி, ஆசிட்டைக் கவிழ்த்துவிட்டு, தகடுகளை உருவிக் குவிப்பார்கள். ராத்திரியில் பெரிய இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவார்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகடுப்பே போதும். அதனால்தான் யார் வேண்டுமானாலும் கொல்லைப்புறத்தில் இதைச் செய்ய முடிகிறது. தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும் ஒரு புகை வரும், நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். அந்தத் தூசிதான் முற்றத்து மண்ணில், திண்ணையில், அவன் தள்ளி விளையாடும் லாரி பொம்மையில், அங்கிருந்து விரல் வழியாக வாய்க்குள்.

இன்னொரு வழியும் இருந்தது, அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பி அந்தக் கொட்டகையில்தான் வேலை பார்த்தார். நல்ல மனிதர். வேலை முடிந்து அதே சட்டையோடு வந்து, முற்றத்துக் குழாயடியில் கைகால் கழுவி, என் மகனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் மாடி ஏறுவார். அவர் மனைவி அந்தச் சட்டையை அதே குழாயடியில் துவைப்பார். என் பிள்ளை அந்த ஈரத்தில்தான் உட்கார்ந்து விளையாடுவான். டாக்டர் அம்மா இதைக் கேட்டதும், “அவங்க வீட்ல குழந்தை இருக்கா?” என்றார். இரண்டரை வயதுப் பெண் குழந்தை இருந்தது.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. “அக்கா, எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறதுனாலதான் உங்க புள்ளைக்கு வந்துச்சுன்னு சொல்றீங்களா?” என்றாள். இல்லை, உன் பிள்ளைக்கும் பார்க்கணும் என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள், நானும் அழுதேன். டெஸ்ட்டுக்கான பணத்தை நான் கட்டினேன். அந்தக் குழந்தைக்கு 52. அவளை வார்டில் சேர்த்தார்கள். ஈயத்தை இழுத்து வெளியேற்றும் அந்த மருந்தைத் தேடி வாங்குவதற்கே பெரும்பாடு பட்டார்கள், எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. வெளியூரிலிருந்து வரவழைத்துத்தான் கொடுத்தார்கள். அவர்களும் என்னை மாதிரியே தெரியாமல்தான் இருந்தார்கள். பேட்டரி, பெயின்ட், பழைய இரும்பு வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வேலை செய்யும் இடத்திலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். குளிக்கும் முன் பிள்ளையைத் தூக்காதீர்கள். வேலை செய்த கையோடு பீடியோ வடையோ எடுக்காதீர்கள்.

வீட்டைச் சுத்தம் செய்ததிலும் சில விஷயங்கள் கற்றுக்கொண்டேன். விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி எழும்பித் திரும்ப அதே இடத்தில் உட்காரும். எனவே பெருக்குவதை நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தினமும் துடைத்தோம். ஜன்னல் விளிம்பு, மின்விசிறி இறக்கை, கட்டிலுக்கு அடியில் என்று ஒன்றும் விடவில்லை. துடைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் கழிவறையில் ஊற்றினோம். முற்றத்து மண்ணை அள்ளி எங்காவது கொட்டிவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். அப்படிச் செய்தால் பிரச்சினை இன்னொருவர் வாசலுக்குப் போகும், அள்ளும்போது தூசியும் பறக்கும். மண்ணை நனைத்து, இருந்த இடத்திலேயே மேலே கான்கிரீட் போட்டு மூடினோம். இதற்கு மட்டும் 22,000 ரூபாய். மொட்டை மாடியில் வத்தல், மிளகாய் எதுவும் காயப் போடுவதில்லை. துணியும் உள்ளேதான் உலர்த்தினோம். பிள்ளை சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் நகம் வரை சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் எல்லாவற்றிலும் செலவில்லாதது. சானிட்டைசர் போதாது, அது ஈயத்தைக் கழுவி எடுக்காது.

கொட்டகையை நிறுத்துவதுதான் பெரிய போராட்டமாகிப் போனது. ஓர் அலுவலகத்தில் இது எங்கள் வேலையில்லை என்றார்கள், அடுத்த அலுவலகத்தில் முதலாவது இடத்துக்கே போகச் சொன்னார்கள். தெருவில் ஒரு பெரியவர், “ஏம்மா, நாலு பேர் பொழப்புல மண்ணள்ளிப் போடுற?” என்று வழி மறித்துக் கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, அவருடைய பேரனுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். எடுத்தார். 17 வந்தது. அதன் பிறகு மனுவில் முதல் கையெழுத்து அவருடையதுதான். அனுமதி இல்லாத பேட்டரி உடைப்பு பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத வேண்டும். அதே மனுவின் நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். தொல்லையாக இருக்கிறது, புகை வருகிறது என்று பொதுவாக எழுதினால் நகராது. எத்தனை பிள்ளைகளுக்கு எவ்வளவு ஈயம், எந்தத் தேதி ரிப்போர்ட், உருக்குவது எந்த நேரம், ஆசிட் எந்தச் சாக்கடையில் போகிறது என்று எழுதி, ரிப்போர்ட் நகல்களையும் போட்டோவையும் இணைத்தோம். அதற்கப்புறம்தான் ஆய்வுக்கு வந்தார்கள். கொட்டகை மூடப்பட்டது. நடத்தியவர் ஊரின் இன்னொரு ஓரத்தில் இடம் பார்த்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கேயும் பிள்ளைகள் இருப்பார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்த்தேன். சுமார் 50 கிலோ எடை, அதில் பாதிக்கு மேல் ஈயம். பழைய பேட்டரி ஒன்றும் குப்பை கிடையாது, முறையாக உருக்கினால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய உலோகம். அதை மூடிய உலையில், புகைவடிப்பான் வைத்து, ஆசிட்டைப் பிடித்துச் சமன் செய்துதான் உருக்க வேண்டும். அதற்குச் செலவாகும். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரி கடைக்காரரைவிட 200, 300 கூடக் கொடுக்கிறார் என்றால், அந்தச் செலவை அவரோ அவரிடம் வாங்குகிறவரோ செய்வதில்லை என்றுதான் அர்த்தம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பேட்டரி தயாரிக்கும் நிறுவனங்களே பழையதைத் திரும்பச் சேகரித்துப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குச் சேர்க்க வேண்டும். எனவே புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, பில்லில் அதன் விலையைக் கழித்து எழுதி வாங்குங்கள். வீட்டில் பேட்டரியைத் திறக்கவோ ஆசிட்டைக் கொட்டவோ விடாதீர்கள். தெருவில் எல்லோரும் இப்படிக் கொடுத்தால் கொல்லைப்புறக் கொட்டகைக்குச் சரக்கே போகாது.

டெஸ்ட், ஆஸ்பத்திரி, ஆர்.ஓ., கான்கிரீட், சம்பளம் இல்லாத லீவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது. கடைசியாக எடுத்தபோது அவனுக்கு 12. ரத்தத்தில் இருப்பது மாதங்களில் குறைந்துவிடும், எலும்பில் போய்ச் சேர்ந்தது வருடக்கணக்கில் மெதுவாக வெளியே வந்துகொண்டிருக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வயிற்று வலி போய்விட்டது. தட்டைத் தள்ளுவதில்லை. மாடி வீட்டுக் குழந்தையும் 20-க்குக் கீழே இறங்கிவிட்டாள், அவள் அப்பா இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கிறார். பிள்ளைகளின் பேச்சு, கவனம், வளர்ச்சி எப்படி இருக்கிறது என்று அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். இரண்டு பேரையும் சேர்த்தே கூட்டிப் போகிறோம், அடுத்த முறை பெரியவரின் பேரனும் வருகிறான். கொட்டகை இருந்த இடத்தில் வாடகைக்கு விடப்படும் என்று பலகை தொங்குகிறது. மண்ணைப் பரிசோதித்து மேலே கான்கிரீட் போடும்வரை அங்கே யாரையும் குடிவைக்கக் கூடாது என்று கேட்டு அடுத்த மனுவுக்குத் தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.